இரண்டுங்கெட்டான் ஊர்

டவுன் என்பது எங்கே இருக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திக்கில் கையைக் காட்டுவார்கள். இலுப்பூரைச் சுற்றியுள்ள கிராமவாசிகளுக்கு இலுப்பூர்தான் டவுன். உர மூட்டை வாங்கவும், நகையை அடகு வைக்கவும், குழந்தைக்கு ஜுரம் என்றால் டாக்டரிடம் காட்டவும், தாலுகா ஆபீசில் ஒரு சான்றிதழுக்காக நாலு நடை நடக்கவும் அவர்கள் இங்கேதான் வருகிறார்கள். ஆனால் இலுப்பூர்வாசியோ, "டவுனுக்குப் போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லிப் பஸ் ஏறினால், அன்னவாசலைத் தாண்டிப் புதுக்கோட்டையில்தான் இறங்குவார். புதுக்கோட்டைக்காரருக்குத் தீபாவளி ஜவுளி திருச்சியில் எடுத்தால்தான் ஜவுளி. திருச்சிக்காரர் தம் பிள்ளைக்குச் சென்னையில் உத்தியோகம் ஆனால்தான் திருப்தியாக மூச்சு விடுவார். சென்னைவாசியின் கண் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை மீனம்பாக்கம் விமான நிலைய வாசலில் நின்று மூக்கைத் துடைத்துக்கொள்ளும் தாய்மார்களைக் கேட்டால் தெரியும். ஆக, நம் தேசத்தில் டவுன் என்பது எப்போதுமே அடுத்த பஸ் போய் நிற்கும் இடத்தில் இருக்கிறது.

சர்க்காருக்கு இப்படிப்பட்ட சந்தேகங்கள் கிடையாது. எது கிராமம், எது நகரம் என்று தீர்மானிக்க ஜனத்தொகைக் கணக்கெடுப்பு இலாகா ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. 5,000 பேராவது வசிக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருக்க வேண்டும். உழைக்கும் ஆண்களில் நூற்றுக்கு 75 பேராவது விவசாயம் அல்லாத தொழில் செய்ய வேண்டும். நகராட்சி, பேரூராட்சி என்று சட்டப்படி பட்டம் பெற்ற ஊர்களுக்கு இந்தப் பரீட்சைகூட இல்லை, பட்டமே போதும். இந்த முறைப்படி 2011-ஆம் வருஷத்துக் கணக்கில் இந்தியாவில் நூற்றுக்கு 31 பேரும், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேரும் நகரவாசிகள் என்று ஏற்பட்டது.

"ஆண்களில்" என்ற வார்த்தையை நேயர்கள் கவனித்திருப்பார்கள். ஸ்திரீகள் என்ன வேலை செய்கிறார்கள் என்பது இந்தக் கணக்கில் சேராது. புருஷன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிறான். மனைவி விடிவதற்கு முன்னால் எழுந்து நாற்று நடப் போகிறாள். பொழுது சாய்ந்ததும் திரும்பி வந்து ஆட்டுக்குத் தழை போடுகிறாள். கணக்கெடுக்க வந்தவர் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புருஷனுடைய தொழிலை வைத்தே நகரம் எது என்று முடிவு செய்துகொண்டு போகிறார். அந்த அம்மாளிடம், "நீங்கள் நகரவாசி ஆகிவிட்டீர்கள்" என்று சொல்லிப் பாருங்கள். "அப்படியா? இனிமேல் குழாயில் தினம் தண்ணீர் வருமா?" என்றுதான் கேட்பாள். நியாயமான கேள்வி. அதற்குப் பின்னால் வருவோம்.

நமது அரசியல் சட்டமும் இவ்விஷயத்தில் சற்றுத் தயங்கித்தான் பேசுகிறது. 1992-இல் நிறைவேறி 1993 ஜூன் 1-ஆம் தேதி அமுலுக்கு வந்த 74-வது திருத்தம், பெரிய நகரங்களுக்கு மாநகராட்சி, சிறிய நகரங்களுக்கு நகராட்சி என்று சொல்லிவிட்டு, கிராமமாயிருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கும் பகுதிகளுக்கு வேறொரு ஸ்தாபனத்தை வைத்தது. நம் மாகாணத்தில் அதற்குப் பேரூராட்சி என்று பெயர். இலுப்பூர், அன்னவாசல், கீரனூர், பொன்னமராவதி எல்லாம் அந்த வரிசையில் வந்தவையே. "மாறிக்கொண்டிருக்கும் பகுதி" என்பது எவ்வளவு நயமான பிரயோகம்! மாறி முடிகிற தேதி எது என்று சட்டம் சொல்லவில்லை.

2004-ஆம் வருஷத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. தமிழ்நாட்டிலுள்ள ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பேரூராட்சிகள் சர்க்கார் உத்தரவினால் சிறப்புக் கிராமப் பஞ்சாயத்துக்கள் ஆயின. கிராம அபிவிருத்திக்கென்று டில்லியிலிருந்து வரும் பணம் நகரங்களுக்குக் கிடைக்காது. ஆகையால் நகரமே கிராமமாகிவிட்டால் தொல்லை தீர்ந்தது அல்லவா? 2006-இல் மறுபடியும் ஓர் உத்தரவு. எல்லாம் பழையபடி பேரூராட்சி. லட்சக்கணக்கான ஜனங்கள் நகரத்தில் படுத்துக் கிராமத்தில் கண் விழித்தார்கள். கிராமத்தில் படுத்து நகரத்தில் கண் விழித்தார்கள். சாக்கடை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் எல்லாச் சமயங்களிலும் இது வேடிக்கையாக முடிவதில்லை. 2005-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்ட நூறு நாள் வேலை கிராமங்களுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. ஆகவே பக்கத்து நகரத்தோடு தங்கள் கிராமத்தைச் சேர்க்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், பல இடங்களில் பெண்கள் கூட்டமாகச் சென்று, "எங்களுக்கு நகரம் வேண்டாம்" என்று கலெக்டரிடம் மனுக் கொடுத்தார்கள். வீட்டு வரி உயரும், வேலை போய்விடும். பதிலுக்குக் கிடைக்கப்போவது என்ன என்று அவர்களுக்கு யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.

இலுப்பூர் என்ற பெயரைக் கேட்டதுமே, "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை" என்ற பழமொழி ஞாபகத்துக்கு வராமல் போகாது. அதைச் சொல்லுகிறவர்கள் பாவம், அந்தப் பூவை வாயில் போட்டுப் பார்த்திருக்கமாட்டார்கள். கோடை பிறக்கும் காலத்தில் விடியற்காலை மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் இலுப்பைப் பூ வாஸ்தவமாகவே தித்திக்கும். அதன் கொட்டையிலிருந்து ஆட்டிய எண்ணெய் எத்தனையோ கோயில்களில் விளக்கு எரித்தது. பிண்ணாக்கு தலைக்குத் தேய்த்துக் குளிக்க உதவிற்று. பாதையோரத்திலும் கோயில் தோப்பிலும் நின்ற மரம் அது. உதிர்ந்த பூவைப் பொறுக்கக் குழந்தைகள் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

இப்போது சர்க்கரைக்குப் பஞ்சமில்லை. கடைத்தெருவில் கிடைக்காத சாமான் கைப்பேசியில் விரலால் தட்டினால் மூன்றாம் நாள் வாசலுக்கு வந்துவிடுகிறது. தெருவில் நடந்து பாருங்கள். இந்த வீட்டில் சொந்த ஆழ்குழாய்க் கிணறு, அந்த வீட்டில் சொந்த மோட்டார், கரண்டு போனால் சொந்த இன்வெர்ட்டர், திருடன் வந்தால் பார்க்கச் சொந்தக் காமிரா. எல்லாச் சௌகரியங்களும் வந்துவிட்டன. வந்தவை யாவும் வாசற்படியோடு நின்றுவிட்டன. பழமொழியைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வீடு சர்க்கரை இருக்கிறது; ஊருக்குப் பொதுவாக இலுப்பைப் பூகூட இல்லை.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டைச் சீமை வானம் பார்த்த பூமி. வற்றாத நதி எதுவும் இங்கே ஓடவில்லை. அதனால்தான் முன்னோர்கள் ஆயிரக்கணக்கில் கண்மாய்களும் குளங்களும் வெட்டினார்கள். குடிப்பதற்கு ஒரு நீர்நிலை, குளிப்பதற்கு வேறொன்று, வயலுக்கு வேறொன்று என்று வைத்திருந்தார்கள். சமஸ்தான காலத்தில் 1878-இல் திவான் பொறுப்புக்கு வந்த சேஷய்ய சாஸ்திரியாரைப் புதுக்கோட்டை ஜனங்கள் நினைவு வைத்திருப்பதற்கு முக்கியமான காரணம் அவர் குளங்களைத் தூர் வாரிச் செப்பனிட்டதுதான். இப்போது இந்தப் பக்கத்து ஊர்களுக்குக் காவிரித் தண்ணீரே கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய்களில் வருகிறது. பெரிய காரியந்தான். ஆனால் குழாயில் வரும் காவிரியை மத்தியதரக் குடும்பங்கள் துணி துவைக்க வைத்துக்கொண்டு, குடிப்பதற்கு 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன் வாங்குகின்றன. "குழாய்த் தண்ணீர் எப்படி இருக்கிறதோ, யார் கண்டார்கள்?" என்கிறார்கள். கேன் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் யார் கண்டார்கள் என்று நாம் கேட்கவில்லை. கேட்டால் சண்டைக்கு வருவார்கள். நாம் சொல்ல வருவது வேறு. கேன் வாங்குகிறவர் மேல்நிலைத் தொட்டியை எப்போது கழுவினார்கள் என்று விசாரிப்பதை நிறுத்திவிடுகிறார். விசாரிக்கக்கூடிய செல்வாக்கும், மனு எழுதத் தெரிந்த படிப்பும், அதிகாரியிடம் பேசும் துணிச்சலும் அவரிடந்தான் இருந்தன. குழாயடியில் குடத்தோடு நிற்பவளிடம் இருப்பது குடம் மாத்திரமே.

பழைய காலத்தில் எல்லாம் பொதுவாக இருந்தது, இப்போதுதான் கெட்டுவிட்டது என்று யாரும் கண்ணீர் விடவேண்டாம். ஊருணி என்ற வார்த்தையில் ஊர் இருக்கிறதே தவிர, ஊரார் எல்லாரும் அதில் இறங்கிவிட முடிந்ததில்லை. படித்துறையில் ஜாதி காவல் நின்றது. 1948 நவம்பர் 4-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் கிராமங்களைப் பற்றிக் கடுமையாகப் பேசினார். கிராம ராஜ்யக் கனவு கண்டுகொண்டிருந்த தேசபக்தர்கள் பலருக்கு அந்தப் பேச்சு மனவருத்தத்தை அளித்தது. ஆனால் அவர் சொன்னது எத்தனை தூரம் உண்மை என்பதை நமது ஜில்லாவே பிற்காலத்தில் நிரூபித்தது. 2022 டிசம்பரில், வேங்கைவயல் கிராமத்தில், ஆதிதிராவிட ஜனங்கள் தண்ணீர் எடுக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கிடப்பது தெரியவந்தது. குழந்தைகள் அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தார்கள். தேசமெங்கும் அந்தச் செய்தி பரவிற்று. வழக்கு, விசாரணை, கமிஷன் எல்லாம் நடந்தன. அவற்றைப் பற்றி எழுத இது இடமில்லை. ஒரு தெருவுக்கு ஒரு தொட்டி, மற்றொரு தெருவுக்கு வேறொரு தொட்டி என்று ஏற்பாடு இருக்கிற வரையில் அதைப் பொதுத் தண்ணீர் என்று எந்த வாயால் சொல்வது என்பதே நமது கேள்வி.

நகரம் என்பது இந்த இடத்தில்தான் உபயோகப்பட வேண்டும். நகரத்தின் பெருமை அதன் மாடி வீடுகளில் இல்லை. பக்கத்தில் நிற்கிறவன் எந்தத் தெரு என்று தெரியாமலே அவனோடு ஒரே வரிசையில் நிற்கச் செய்கிறதே, அதுதான் அதன் பெருமை. இலுப்பூர் போன்ற இடங்களில் இந்தக் காரியத்தை ஒழுங்காகச் செய்துவருவது பஸ் ஒன்றுதான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் ஸ்திரீகளுக்குக் கட்டணமில்லை என்று ஆயிற்று. அதற்குப் பிறகு காலை பஸ்ஸில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போகும் பெண், ஆஸ்பத்திரிக்குப் போகும் கிழவி, காலேஜ் மாணவி, கீரைக்கட்டு விற்கப் போகிறவள், பள்ளிக்கூட ஆசிரியை, எல்லாரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போகிறார்கள். கூடையை ஒருத்தி மடியில் வாங்கிக்கொள்கிறாள். குழந்தையை இன்னொருத்தி வாங்கிக்கொள்கிறாள். "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்பதற்குள் இறங்கவேண்டிய இடம் வந்துவிடுகிறது. டவுன் எங்கே இருக்கிறது என்று ஆரம்பத்தில் கேட்டோம். டவுன் பஸ்ஸுக்குள்ளே கொஞ்சம் இருப்பதாகத் தெரிகிறது.

பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்ததும் மறுபடியும் பழைய கதைதான். குப்பை வண்டி வருகிறது. துப்புரவுப் பணியாளர்களைத் தூய்மைப் பணியாளர்கள் என்று அழைக்க வேண்டும் என்று தமிழ்நாடு சர்க்கார் 2020-இல் முடிவு செய்தது. நல்ல முடிவு. ஆனால் மாடியிலிருந்து வரும் குரல், "ஏ குப்பை! நில்லு!" என்றுதான் சொல்லுகிறது. வண்டி தள்ளும் அம்மாள், "அம்மா, மக்குகிற குப்பையைத் தனியாக வையுங்கள்" என்று எத்தனாவது தடவையாகவோ சொல்லிவிட்டு, இரண்டும் கலந்த பையை வாங்கிக் கையால் பிரிக்கிறாள். 2016-ஆம் வருஷத்து விதிகள் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை வீட்டுக்காரர் மேல் வைத்தன. கைகள் மட்டும் மாறவில்லை.

இங்கே நமது சீமையில் பிறந்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. தீரர் சத்தியமூர்த்தி புதுக்கோட்டைக்குத் தெற்கேயுள்ள திருமயத்தில் 1887-இல் பிறந்தவர். சட்ட சபைகளில் சர்க்காரைக் கிடுகிடுக்கச் செய்த நாவன்மை படைத்தவர். அப்பேர்ப்பட்டவர் 1939-இல் சென்னை நகரத்தின் மேயர் ஆனார். ஸ்வராஜ்யத்துக்காக ஜெயிலுக்குப் போனவர் குழாய்த் தண்ணீரையும் சாக்கடையையும் கவனிக்கப் போவானேன் என்று அவர் எண்ணவில்லை. யுத்த காலத்தில் வாதாடி, பூண்டியில் நீர்த்தேக்கம் கட்ட ஏற்பாடு செய்தார். 1940-இல் அஸ்திவாரம் போட்டார்கள். 1944-இல் வேலை முடிந்தது. 1943 மார்ச்சிலேயே காலமாகிவிட்ட அவர் அந்தத் தண்ணீரைப் பார்க்கவில்லை. சென்னை ஜனங்கள் இன்றைக்கும் குடிக்கிறார்கள். நகரசபை வேலை என்பது பெரிய மனுஷர்கள் செய்யக்கூடிய வேலை என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள் என்பதற்காகச் சொன்னோம்.

அந்த எண்ணம் எவ்வளவு தேய்ந்துவிட்டது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. நடக்கவிருந்த தேர்தல் கோர்ட்டு உத்தரவினால் நின்றது. கிராமப் பஞ்சாயத்துக்களுக்குப் பெரும்பாலான ஜில்லாக்களில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. நகரங்களுக்கும் பேரூர்களுக்கும் 2022 பிப்ரவரி 19-ஆம் தேதிதான் நடந்தது. ஐந்து வருஷங்களுக்கு மேல் நமது பேரூர்களில் ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஒரு பிரதிநிதிகூடக் கிடையாது. தனி அதிகாரிகள் நிர்வாகம் செய்தார்கள். சட்டசபைக்கு ஆறு மாதம் தேர்தல் தள்ளிப் போயிருந்தால் தேசமே அல்லோலகல்லோலப்பட்டிருக்கும். இதற்கு என்ன நடந்தது? பத்திரிகைகள் சில எழுதின. கட்சிகள் சில வழக்குப் போட்டன. தெருவில் யாரும் ராத்தூக்கம் இழந்ததாகத் தெரியவில்லை. உத்தரமேரூர்க் கல்வெட்டையும் குடவோலையையும் பற்றி மேடைதோறும் பெருமையடித்துக்கொள்கிற நாடு இது!

அந்த வருஷங்கள் சாமானியமானவையும் அல்ல. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கரையேறிய கஜாப் புயல் புதுக்கோட்டை ஜில்லாவைப் புரட்டிப் போட்டது. தென்னையும் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன; மின்சாரக் கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. கரண்டு இல்லையென்றால் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லையென்றால் தண்ணீர் இல்லை. சொந்த ஆழ்குழாய்க் கிணறு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே நிலைமைக்கு வந்தார்கள். அப்போது பல இடங்களில் தெருவாசிகள் காசு சேர்த்து ஜெனரேட்டர் வாடகைக்குப் பிடித்து, தொட்டிகளில் தண்ணீர் ஏற்றினார்கள். விழுந்த மரத்தை வெட்டிப் பாதை திறந்தார்கள். கூட்டாக உலை வைத்தார்கள். கரண்டு வந்தது. அவரவர் மோட்டாருக்கு அவரவர் திரும்பினார்கள். ஜெனரேட்டர் வாடகைக்குச் சேர்ந்த அந்தப் பத்துப் பதினைந்து பேர் அடுத்த மாதமும் ஒரு நாள் கூடி, "நம் தெருச் சாக்கடைக்கு என்ன செய்யலாம்?" என்று பேசியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நாம் பல தடவை யோசித்ததுண்டு.

2022-இல் தேர்தல் நடந்தபோது ஸ்தானங்களில் சரிபாதி ஸ்திரீகளுக்கு. 1927-இல் சென்னைச் சட்ட சபையில் முதல் பெண் அங்கத்தினராக உட்கார்ந்த டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி புதுக்கோட்டையில் பிறந்தவர் என்பதை இந்த ஜில்லாப் பெண்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. சில இடங்களில், "கவுன்சிலர் இருக்கிறாரா?" என்று கேட்டால், வாசலில் நிற்கும் கவுன்சிலர் அம்மாளே, "அவர் வெளியே போயிருக்கிறார்" என்று பதில் சொல்வதாகக் கேள்வி. இதற்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் வேறு சில இடங்களில் அந்த அம்மாள்களே குழாயடிக்கு நேரில் போய் நிற்கிறார்கள்; குடம் தூக்கிய தோளுக்குத் தண்ணீர்க் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை அல்லவா?

அதே வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபை என்ற கூட்டங்கள் ஆரம்பமாயின. கிராம சபையைப்போல, வார்டிலுள்ள ஜனங்கள் நேரில் வந்து குறை சொல்வதற்காக ஏற்பட்டவை. ஒரு பேரூரில் நடந்த கூட்டத்தைப் பற்றி அன்பர் ஒருவர் நமக்குச் சொன்னார். நாற்பது நாற்காலி போட்டிருந்தார்களாம். பதினொரு பேர் வந்திருந்தார்களாம். மாடி வீட்டுக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. தெருக் குழாயில் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் தண்ணீர் வருகிறது, கண் விழித்துப் பிடிக்க முடியவில்லை என்று ஒரு கிழவி எழுந்து சொன்னாள். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த இளைஞர் நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டே, "ஆத்தா, எல்லாரும் கேன் வாங்குகிறார்களே, நீங்கள் வாங்கவில்லையா?" என்று கேட்டார்.

"வாங்கக் காசு இருந்தா நானும் வீட்டிலேயே இருந்திருப்பேனே, தம்பி" என்றாள் கிழவி. இளைஞர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குழாய் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார்.